ஜமீன் பட்டா, கொழும்புப் பிறப்புச் சான்று: ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பூர்வீக நிலத்தைத் தேடுவது எப்படி?

கடற்கரைப் பேரன்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். பெரியபட்டினம் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் பூர்வீக நிலம் இருக்கிறது. கையில் மூன்று காகிதம். 1927ல் பதிவான கிரயப் பத்திரம்: சர்வே நம்பர் இல்லை, பைமாஷ் நம்பரும் (சர்வேக்கு முந்தைய பழைய அளவை எண்) நான்கு மாலும் (நாற்புற எல்லை) மட்டும், "பனை உள்பட" என்று ஒரு வரி. இரண்டாவது, ஜமீன் முத்திரையோடு பசலி (வருவாய்க் கணக்கு வருஷம்) 1346 பட்டா. மூன்றாவது, வாப்பாவின் வாப்பா கொழும்பில் பிறந்ததற்கான 1931ஆம் வருஷச் சான்று. பத்திரம் அவருடைய வாப்பா பெயரில்.

ஊரார் காட்டும் இடத்தின் சர்வே நம்பரை ஆன்லைனில் போட்டால் பட்டா வேறு குடும்பத்தின் பெயரில் இருக்கிறது. 1975லிருந்து வில்லங்கம் போட்டதில் ஒன்றும் இல்லை என்று வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பழைய கணக்கு

வணக்கம் தம்பி. பத்திரத்திலிருந்து முன்னால் வராதீர்கள். இன்றைய சர்வே எண்ணிலிருந்து பின்னால் போங்கள்.

காரணம் இந்த ஜில்லாவின் வரலாறு. ரயத்துவாரி ஜில்லாக்களில், அதாவது சர்க்கார் குடியானவனிடமே நேராகத் தீர்வை வாங்கிய இடங்களில், 19ஆம் நூற்றாண்டிலேயே சர்க்கார் வயல் வயலாக அளந்து நம்பர் போட்டுவிட்டது. இங்கே 1803ல் சாசுவத நிலவரி சனது (அதிகாரப் பத்திரம்) கொடுத்ததோடு கிழக்கிந்தியக் கம்பெனி ஜமீனிடம் பேஷ்குஷ் (வருஷக் கப்பம்) வாங்கிக்கொண்டு ஒதுங்கிக்கொண்டது. எந்தக் குடி எந்த வயலை உழுகிறான் என்பது ஜமீன் கச்சேரிக்கும் ஊர்க் கணக்குப்பிள்ளைக்கும் தெரியும், கலெக்டருக்குத் தெரியாது. 1948ஆம் வருஷத்து 26ஆம் எண் எஸ்டேட் ஒழிப்புச் சட்டப்படி 1949 செப்டம்பரில் ஜமீனை எடுத்த பிறகுதான் பெரும்பாலான கிராமங்களில் அளவையும் செட்டில்மென்ட்டும் (நிலவரித் திட்டம்) நடந்தன. எஸ்டேட் நிலச் சட்டத்தின் கீழ் முன்னதாகவே அளந்த சில கிராமங்கள் உண்டு. அவற்றை விட்டுவிட்டால், 1927 பத்திரத்தில் சர்வே நம்பர் இல்லாதது குறையே இல்லை. இருந்தால்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது. இன்றைய சர்வே எண்ணுக்கு யு.டி.ஆர். 'அ' பதிவேட்டு நகல் வாங்குங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் தயாரானது அது. கணினியில் வரும் 'அ' பதிவேடு போதாது. கையால் எழுதிய மூலப் பதிவேடு தாலுகா அலுவலகத்தில் இருக்கும். அதில் பழைய சர்வே எண்ணுக்கு ஒரு கலம், பட்டாதாரர் பெயர், கடைசியில் குறிப்புக் கலம். அந்தப் பழைய எண்ணை வைத்து செட்டில்மென்ட் நிலப் பதிவேடு, அதாவது எஸ்.எல்.ஆர். நகல் கேளுங்கள். தாலுகாவில் இல்லை என்றால் கலெக்டர் அலுவலகப் பதிவறை. அங்கும் இல்லை என்றால் சேப்பாக்கத்தில் நில அளவை மற்றும் நிலவரித் திட்ட இயக்குநரகம். எஸ்.எல்.ஆர். கூடவே பைமாஷ் எண்ணுக்கும் சர்வே எண்ணுக்கும் உள்ள கோரிலேஷன் பட்டியலையும் கேட்க வேண்டும். 1927 பத்திரத்தையும் இன்றைய பட்டாவையும் முடிச்சுப் போடுகிற காகிதம் அதுதான். வில்லேஜ் ஆபீஸில் கேட்டால் பைமாஷ் என்ற சொல்லே சிலருக்குப் புதிதாக இருக்கும், அலுத்துக்கொள்ள வேண்டாம்.

மனுவில் இன்றைய தாலுகாவை மட்டும் எழுதினால் "பதிவேடு இல்லை" என்று திரும்பி வரும். கீழக்கரை, கடலாடி, ராமேஸ்வரம் தாலுகாக்கள் எல்லாம் பிற்பாடு பிரிந்தவை. செட்டில்மென்ட் காலத்தில் அந்தக் கிராமம் எந்தத் தாலுகாவில், என்ன கிராம எண்ணோடு இருந்தது என்பதையும் எழுதுங்கள். ஜில்லாவும் அப்படித்தான். 1910க்கு முன் இது மதுரை ஜில்லா. அதற்கு முந்தைய காகிதத்தை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடினால் மதுரைத் தொகுதிகளில்தான் பார்க்க வேண்டும்.

சாயல்குடிப் பனை

"பனை உள்பட" என்று இருப்பது நல்ல சேதி. இந்தப் பக்கம் பத்திரங்களில் பனை தனி, நிலம் தனி. "மேற்படி நிலத்தில் நிற்கும் பனை 60" என்று மட்டும் கிரயம் ஆகியிருந்தால் வாங்கியது மரம், மண் இல்லை. புறம்போக்கில் நிற்கும் மரத்துக்கு 2சி பட்டா என்று இன்றும் தனிப் பட்டா உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு நிலம் தங்களுடையது என்று கோர்ட்டுக்குப் போனவர்களின் தீர்ப்பு நகல்கள் ஏராளம்.

அதைவிட முக்கியம், பத்திரத்தில் விற்றது குடிவாரமா மேல்வாரமா என்று பாருங்கள். குடிவாரம் என்றால் உழுகிற உரிமை. எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 11ஆம் பிரிவில் ரயத்துவாரி பட்டா கிடைத்திருக்க வேண்டியது. மேல்வாரம் என்றால் ஜமீனுக்குச் சேரவேண்டிய வாரத்தை வசூலிக்கும் உரிமை மட்டும். அது 1949ல் சர்க்காரோடு போய்விட்டது, நஷ்டஈட்டைத் தவிர எதுவும் மிச்சமில்லை. கிராமத்தையே குத்தகைக்கோ அடமானத்துக்கோ எடுத்தவர்கள் நிறையப் பேர். ராமநாதபுரம் ஜமீன்தார் பாஸ்கர சேதுபதி காலத்துக் கடன்களால் பல கிராமங்கள் தேவகோட்டைப் பக்கத்துச் செட்டியார்கள் கைக்குப் போயின. அப்படிப்பட்ட ஊரில் குடியானவனுக்குப் பட்டாவும் ரசீதும் கொடுத்தது குத்தகைதாரர். ஜமீன் முத்திரை இல்லாத ரசீது என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

பழைய கணக்கு

சரியாகச் சொன்னீர்கள். கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: 1873லிருந்து 1889 வரை, வாரிசு மைனராக இருந்ததால், ஜமீன் கோர்ட் ஆப் வார்ட்ஸ் (மைனர் ஜமீன்களைப் பார்த்துக்கொண்ட சர்க்கார் அமைப்பு) நிர்வாகத்தில் இருந்தது. அந்தக் காலத்துக் குத்தகை, வாய்க்கால், கண்மாய் மராமத்து, குடிகள் தகராறு எல்லாம் ரெவின்யூ போர்டு நடவடிக்கைத் தொகுதிகளில் கோர்ட் ஆப் வார்ட்ஸ் தலைப்பில் எழும்பூரில் இருக்கின்றன. தனி ஆள் பெயர் கிடைப்பது அபூர்வம். ஊர் எந்த ஏற்பாட்டில் இருந்தது என்பது தெரியும்.

திருவாடானை குமாஸ்தா

மால் படிப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தலைகீழாகப் போகிறார்கள். "இதற்கு மால்: மீராசா நிலத்துக்கு மேற்கு, ஓடைக்கு வடக்கு" என்று இருந்தால், மீராசா நிலம் நமக்குக் கிழக்கே இருக்கிறது, ஓடை தெற்கே. நம் நிலம் அவருக்கு மேற்கு என்கிறது பத்திரம். இதைப் புரட்டிப் படித்து, பக்கத்து வயலைத் தன் வயல் என்று சர்வேயரை அழைத்துவந்து காட்டுகிறவர்கள் உண்டு. காகிதத்தில் ஒரு சதுரம் வரைந்து நான்கு பக்கமும் பெயர் எழுதிவிட்டு, பிறகு புலப்படத்தைப் பக்கத்தில் வையுங்கள்.

மாலில் ஆள் பெயர் மாறும், இயற்கை எல்லை மாறாது. கண்மாய்க் கரை, ஊருணி, தர்கா மதில், மணல் தேரி, பழைய வண்டிப் பாதை இருந்தால் அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். கடலை மட்டும் நம்பாதீர்கள். "கடலுக்கு வடக்கு" என்று எழுதிய பத்திரத்துக்கு இன்று கரை எங்கே இருக்கிறதோ அதுவே எல்லை என்று ஆகாது. அரிப்பும் உண்டு, மணல் ஏற்றமும் உண்டு.

அளவு: பழைய பத்திரத்தில் குறுக்கம், மா, மரக்கால் விதைப்பாடு என்று வரும். இவற்றுக்கு ஊருக்கு ஊர் கணக்கு வேறு. இணையத்தில் கிடைக்கும் மாற்று அட்டவணையைப் போட்டு ஏக்கராக்கி, "பத்திரத்தில் 3 ஏக்கர், பட்டாவில் 2.40, அறுபது சென்ட் காணோம்" என்று சண்டைக்குப் போகக் கூடாது. மாலுக்குள் அடங்கியதுதான் நிலம். யு.டி.ஆர். கணக்கு ஹெக்டேர், ஏரில் இருக்கும்: ஒரு ஏக்கர் என்பது 0.40.5.

தேதி: பசலியோடு 590 கூட்டினால் வருவது தொடக்க வருஷம், அந்த ஜூலை 1லிருந்து அடுத்த ஜூன் 30 வரை. உங்கள் பசலி 1346 என்றால் 1936-37. தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் 60 வருஷம் முன்னே பின்னே போய்விடும். விரோதி என்றால் 1889ம் உண்டு, 1949ம் உண்டு. முத்திரைத் தாளின் மதிப்பையும் அதில் உள்ள ராஜா ராணி தலையையும் பார்த்தால் எது என்று புரிந்துவிடும். கீழக்கரைக் காகிதங்களில் ஹிஜ்ரி வரும்: 0.97ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள், ஒரு வருஷம் இப்படி அப்படி வரும். 1318 என்றால் 1900-01.

௸ என்ற குறி இருந்தால் "மேற்படி". அது எந்த மேற்படி என்று விரலை வைத்துப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். ஒரே பத்திரத்தில் நாலு அயிட்டம் இருந்தால் நாலாவதில் வரும் ௸ கிராமம் மூன்றாவதின் கிராமம், முதலாவதின் கிராமம் அல்ல. பங்கைத் தமிழ்ப் பின்னத்தில் எழுதியிருப்பார்கள். வீசம் என்றால் பதினாறில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று.

ரெகுநாதபுரம் ராஜா

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? பட்டா யார் பேரில் இருக்கோ அவன்தான் ஓனர். தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கி, பெயர் மாற்ற மனு போட்டால் முடிந்தது.

திருவாடானை குமாஸ்தா

அண்ணே, பட்டா தீர்வைக் கணக்கு. உரிமை மூலப் பத்திரத்திலும் வாரிசுத் தொடர்ச்சியிலும்தான் இருக்கிறது என்று கோர்ட்டுகள் பல தடவை சொல்லியாகிவிட்டது. யு.டி.ஆர். காலத்தில் கிராமத்துக்கு வந்த அதிகாரிகள் அனுபவத்தில் யார் இருக்கிறார் என்று விசாரித்து எழுதினார்கள். கொழும்பிலும் பினாங்கிலும் இருந்தவர்கள் வந்து கையைத் தூக்கவில்லை. எஸ்.எல்.ஆரில் "இன்னார் வகையறா" என்று இருந்து யு.டி.ஆரில் வகையறா விழுந்துபோனதும் நடந்திருக்கிறது. வகையறா என்ற அந்த ஒரு சொல்லில் ஒன்பது பங்காளி இருக்கலாம். யு.டி.ஆர். பிழை என்று காட்ட முடிந்தால் டி.ஆர்.ஓ.விடம் (மாவட்ட வருவாய் அலுவலர்) மனு, பாத்தியமே தகராறு என்றால் அவர் சிவில் கோர்ட்டுக்குத்தான் அனுப்புவார்.

தம்பிக்கு: வில்லங்கத்தில் ஒன்றும் இல்லை என்று வந்ததால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. நீங்கள் ஆன்லைனில் போட்டது 1975லிருந்துதான், அதுவும் நீங்கள் கொடுத்த சர்வே எண்ணுக்கு மட்டும். பழைய எண், உட்பிரிவு எண், கிராமத்தின் பழைய பெயர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். அதிலும் ஒன்றுமில்லை என்றால் உங்களுக்கு நல்லதுதான்; எதிர்க்கட்சிக்கு 1975க்குப் பின் பதிவான பத்திரம் கிடையாது. அப்படியானால் அவர்கள் எந்த வழியில் உள்ளே வந்தார்கள் என்பது 1927க்கும் 1974க்கும் இடையில் இருக்கிறது. அதைக் கையால்தான் தேட வேண்டும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் நாலு புத்தகத்தை நினைவில் வையுங்கள். 1ஆம் புத்தகம் அசையாச் சொத்து. 2ஆம் புத்தகம் பதிவு மறுத்ததற்கான காரணங்கள். 3 உயில். 4 மற்றவை, பவர் பத்திரம் அதில்தான். பதிவுச் சட்டம் 57ஆம் பிரிவில் 1ஆம், 2ஆம் புத்தகத்தையும் 1ஆம் புத்தகத்தின் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். 3, 4ஆம் புத்தகங்களைப் பதிவு அலுவலர்தான் தேடுவார். உயில் நகல் எழுதியவர் இறந்த பிறகே மற்றவருக்குக் கிடைக்கும், ஆகவே இறப்புச் சான்று கையில் வேண்டும்.

1ஆம் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணை. ஒன்று ஆள் பெயர்ப்படி, இரண்டாவது கிராமப்படி. உங்கள் ஊர் சின்னது என்றால் கிராம அட்டவணையை வருஷம் வருஷமாகப் புரட்டுவதே பாதுகாப்பு. பெயர் அட்டவணை ஆங்கில எழுத்தில் இருந்தால் ஒரே ஆள் மூன்று எழுத்தில் கிடப்பார்: சேகு, ஷேக், செய்கு. முகம்மது, முகம்மத், மகமது. அப்புறம் மரைக்காயர் என்பதை ஒருவன் பெயரோடு சேர்த்திருப்பான், ஒருவன் விட்டிருப்பான். எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் இருவர் பெயரிலும் தேடுங்கள். இன்றைய பட்டாதாரருடைய பாட்டன் பெயரிலும் தேடுங்கள். கிராமம் ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் மாறிய தேதிக்கு முந்தைய புத்தகம் பழைய அலுவலகத்தில்தான் இருக்கும். சென்னையிலேயே பதிவு செய்த பத்திரங்களும் அந்தக் காலத்தில் உண்டு. அதன் குறிப்பு மட்டும் இங்கே வந்து கோப்பில் சேர்ந்திருக்கும்.

நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயம் பதிவாகாமலே, அனுபவத்தை ஒப்படைத்தால் செல்லும். அதனால் பெட்டியில் இருக்கும் பதிவில்லாத சின்னக் காகிதத்தையும் எறியாதீர்கள். 30 வருஷத்துக்கு மேற்பட்டது, இருக்கவேண்டிய ஆளிடமிருந்து வந்தது என்றால் கோர்ட் அதன் கையெழுத்தை ஊகமாக ஏற்கலாம்.

கடற்கரைப் பேரன்

மிக்க நன்றி. கொழும்புச் சான்றில் பெயர் வேறு மாதிரி இருக்கிறது. பத்திரத்தில் வீட்டுப் பெயரோடு நீளமான பெயர். சான்றில் தகப்பன் பெயர் இரண்டே சொல். ஒரே ஆள்தான் என்று காட்டுவது எப்படி?

பினாங்கு மச்சான்

இலங்கைச் சான்றில் இனத்தைப் பாருங்கள். நம் கரையிலிருந்து போன முஸ்லிம்களை இந்தியச் சோனகர் என்று, உள்ளூர்ச் சோனகரிலிருந்து பிரித்து எழுதினார்கள். இனம், தொழில், தாயின் பெயர், தகவல் கொடுத்தவர், தெரு: இவை ஐந்தும் சேர்ந்தால்தான் ஆள். பெயரை மட்டும் வைத்து ஒட்டினால் கொழும்பில் அதே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். சுருக்கமான நகல் வாங்காமல் பதிவேட்டின் முழு நகலைக் கேளுங்கள், ஓரக்குறிப்போடு.

ஒரே ஆள் என்று காட்ட மூன்றாவது ஒரு காகிதம் வேண்டும், இரண்டு பெயரும் சந்திக்கிற இடம். பெரும்பாலும் அது பவர் பத்திரம். அக்கரையில் இருந்தவர்கள் ஊரில் தம்பிக்கோ மச்சானுக்கோ முக்தியார் (பவர்) கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் "இன்ன ஊர் இன்னார் மகன், தற்சமயம் கொழும்பு இன்ன தெருவில் வியாபாரம்" என்று இரண்டு விலாசமும் இருக்கும். இல்லையென்றால் பள்ளிவாசல் நிக்காஹ் தஃப்தர் (திருமணப் பதிவேடு). அதில் மணமகனின் தகப்பன், பெண்ணின் வலி (பெண் தரப்புப் பொறுப்பாளர்), சாட்சிகள், மஹர் எல்லாம் உண்டு. பழைய ஏடுகள் அரபுத்தமிழில் இருக்கலாம்; எழுத்து அரபி, மொழி தமிழ். ஊரில் ஓதிக்கொடுக்கும் பெரியவர் யாராவது படித்துத் தருவார்.

கீழக்கரைப் பக்கம் இன்னொரு வழக்கம்: கல்யாணத்தில் வீட்டைப் பெண்ணுக்குக் கொடுப்பது, மாப்பிள்ளை பெண் வீட்டோடு இருப்பது. அதனால் வீட்டுமனையின் பத்திரத் தொடர் உம்மா, உம்மாவின் உம்மா என்று பெண் வழியில் போகும். வாப்பா வழியில் தேடி, "எங்களுக்கு ஊரில் வீடே இல்லை" என்று முடிவு கட்டியவர்கள் பெண்கள் பெயரில் தான செட்டில்மென்ட்டைத் தேடவே இல்லை. வயல், தோப்பு விஷயம் வேறு. அவை சாதாரண வாரிசு வழியில்தான்.

மலாயா போனவர்களுக்கு: நீரிணைக் குடியேற்றங்களில் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) 1880ஆம் வருஷச் சட்டத்தில் முஸ்லிம் திருமணப் பதிவு விருப்பத்தின்பேரில் இருந்தது. பதிவு கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் கல்யாணமே இல்லை என்று ஆகாது. பினாங்கில் சொத்தோடு இறந்தவருக்கு கோர்ட்டில் சொத்து நிர்வாக வழக்குக் கோப்பு இருக்கும், வாரிசுப் பட்டியல் அதில் வரும். இங்கே ஒரு மனைவி, அங்கே ஒரு மனைவி என்றால் இரண்டு பக்கப் பிள்ளைகளும் வாரிசு. இதை மறைத்து வாங்கிய வாரிசுச் சான்று பின்னால் நிற்காது.

தோட்டத்துக்குக் கூலியாகப் போன குடும்பங்கள் வேறு வழி. அவர்கள் மண்டபம் முகாம் வழியாக, 1914க்குப் பின் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பலில் போனவர்கள். மொரீஷியஸ், நேட்டால் போன ஒப்பந்தக் கூலிகளுக்கு ஆள் ஆளாக எமிக்ரேஷன் பாஸ் உண்டு, அதில் தகப்பன் பெயர், ஜில்லா, கிராமம் எல்லாம் வரும். இலங்கைக்கு அந்த மாதிரி இல்லை. அங்கே கங்காணி (ஆள் திரட்டியவர்), துண்டு (கடன் சீட்டு), தோட்டத்துச் செக்ரோல் (வேலையாள் பதிவேடு) என்ற வழிதான். 1949ஆம் வருஷத்து இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தில் போட்ட மனு, 1964 இந்திய - இலங்கை ஒப்பந்தத்தில் திரும்பியவர்களின் குடும்ப அட்டை, இவற்றில்தான் பூர்வீக ஊர் கிடைக்கும்.

தங்கச்சிமடம் படகு

கத்தோலிக்க மீனவக் குடும்பங்களுக்கு என்ன வழி? வீடு இருப்பது கடற்கரையில், பத்திரம் என்று எதுவும் கிடையாது. குடும்பப் பெயர் பெர்னாண்டோ. போர்த்துக்கீசிய வம்சம் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

பினாங்கு மச்சான்

பெயரை வைத்து ரத்தத்தைக் கணக்குப் போடாதீர்கள் அண்ணே. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் வாங்கியபோது ஞானத்தகப்பன் பெயரும் குடும்பப் பெயரும் கூடவே வந்தன. பெர்னாண்டோ, ரொட்ரிகோ, மச்சாடோ எல்லாம் அந்த வழி.

உங்களுக்குப் பங்குக் கோவில் பதிவேடுதான் தங்கம். ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர், ஞானப்பெற்றோர், பல இடத்தில் பின்னால் நடந்த கல்யாணத்தின் ஓரக்குறிப்பு. கல்யாணப் பதிவில் உறவுத் தடை நீக்கம் கொடுத்திருந்தால் எத்தனையாவது தலைமுறை உறவு என்று எழுதியிருப்பார்கள். அத்தை மகள், மாமன் மகள் கட்டுகிற ஊரில் இந்த ஒரு வரி மூன்று தலைமுறையைத் திறந்துவிடும். லத்தீனில் இருந்தால் பயப்பட வேண்டாம், பத்துப் பன்னிரண்டு சொல்தான் திரும்பத் திரும்ப வரும். உங்கள் பங்கு எப்போது தனிப் பங்கானது என்று கேளுங்கள். அதற்கு முந்தைய ஏடு தாய்ப் பங்கில் இருக்கும். சிவகங்கை மறைமாவட்டம் 1987ல்தான் வந்தது, அதற்கு முந்தைய கடிதங்களுக்கு மதுரையில் கேட்க வேண்டும்.

பழைய கணக்கு

மனைக்கு: அது நத்தமா கடற்கரைப் புறம்போக்கா என்று 'அ' பதிவேட்டில் முதலில் பாருங்கள். கிராம நத்தம் என்றால் பத்திரம் இல்லாமலே குடியிருப்பு உரிமை உண்டு. நத்தம் நிலவரித் திட்டத்தில் கொடுத்த தோராயப் பட்டா, பிறகு தூயப் பட்டா இருக்கிறதா பாருங்கள். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, பழைய வாக்காளர் பட்டியல் எல்லாம் இதற்கு ஆதாரம். கடற்கரைப் புறம்போக்கு என்றால் எத்தனை தலைமுறை இருந்தாலும் பட்டா சுலபமில்லை, கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையும் குறுக்கே நிற்கும்.

பொதுவாக எல்லாருக்கும் ஒன்று. காசு செலவழிக்கும் முன் நிலம் மூன்று வலையில் சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சேதுபதிகள் கோவிலுக்கும் தர்காவுக்கும் சத்திரத்துக்கும் விட்ட இனாம் கிராமங்கள் இந்தக் கரை நெடுகிலும் உண்டு. இனாம் கமிஷன் 1860களில் தயாரித்த இனாம் ஃபேர் ரிஜிஸ்டர் என்ற பதிவேட்டில் ஊர், கொடுத்தவர், நோக்கம், டி.டி. (உரிமைப் பத்திர) எண் எல்லாம் இருக்கும். எஸ்.எல்.ஆரில் தேவஸ்தானம் என்றோ வக்பு என்றோ வந்தால் அங்கேயே நின்று அறநிலையத் துறை, வக்பு வாரியப் பட்டியல்களைப் பார்க்க வேண்டும். ஜமீன்தார் பிற்பாடு தன்னிஷ்டத்துக்குக் கொடுத்த தர்மிலா இனாம் அந்தப் பதிவேட்டில் வராது. கடைசியாக உப்பளம். 1802ஆம் வருஷத்து 25ஆம் ரெகுலேஷனிலேயே உப்பு வருமானத்தைக் கம்பெனி தன்னிடம் வைத்துக்கொண்டது. ஆகவே உப்பள நிலத்துக்கு ஜமீன் கணக்கில் தேடிப் பயனில்லை, உப்புத் துறைக் காகிதம் வேண்டும்.

சாயல்குடிப் பனை

வாரிசுப் பங்கு பற்றி யாரும் பேசவில்லையே. ஆள் இறந்த தேதியில் இருந்த சட்டம்தான் செல்லும், இன்றைய சட்டம் அல்ல.

முஸ்லிம் குடும்பத்தில் ஒருவர் மனைவி, இரண்டு மகன், மூன்று மகளை விட்டு இறந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சம் எட்டில் ஏழு. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்று ஏழு கூறு. ஆக மகனுக்கு 2/8, மகளுக்கு 1/8. அடுத்த சாவுக்கு அவரவர் பங்கைத் தனியே எடுத்து மறுபடி பிரிக்க வேண்டும். தகப்பனுக்கு முன்பே இறந்த மகனின் பிள்ளைகள், இன்னொரு மகன் உயிரோடு இருந்தால், வாரிசாக வரமாட்டார்கள். அதனால் யார் முதலில் இறந்தார் என்ற தேதிக்காகவே கபுர்ஸ்தான் கல்லெழுத்தைப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். கிராமத்து இறப்புப் பதிவேடும் 1899ஆம் வருஷச் சட்டப்படி ஊர் அதிகாரிகளிடம் இருந்ததுதான், ஆனால் விடுபட்டவை ஏராளம்.

இந்துக் குடும்பத்தில் 1956க்கு முன் செத்தாரா பின் செத்தாரா என்பது முதல் கேள்வி. 1937 சட்டம் விதவைக்கு ஆயுள் பாத்தியம் கொடுத்தது, விவசாய நிலத்துக்கு அது மதராஸில் 1947 சட்டத்தால்தான் வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்: தமிழ்நாட்டில் 25.3.1989ல் கல்யாணமாகாதவளுக்கு, பிறகு 2005 மத்தியச் சட்டத்தில் எல்லா மகளுக்கும்.

கடற்கரைப் பேரன்

எஸ்.எல்.ஆர். நகல் வந்துவிட்டது. பூட்டன் பெயர், தப்பான எழுத்தில், கூடவே "வகையறா". கோரிலேஷனில் பைமாஷ் எண்ணும் ஒத்துப்போகிறது. பழைய அட்டவணையில் 1938ல் ஒரு பத்திரம்: எழுதிக்கொடுத்தவர் பூட்டன், வாங்கியவர் இன்றைய பட்டாதாரரின் பாட்டனார். தன்மை "ஒத்தி". தவணை வருஷம் எதுவும் இல்லை, "ஒத்திப் பணம் செலுத்தும்போது நிலத்தை மீட்டுக்கொள்வது" என்று இருக்கிறது.

திருவாடானை குமாஸ்தா

அப்படிச் சொல்லுங்கள். அக்கரைக்குப் போகும்போது நிலத்தை ஒத்திக்கு விட்டு வழிச்செலவுக்கும் கடை முதலுக்கும் பணம் வாங்குவது இந்தக் கரையில் சகஜம். ஒத்திதாரர் அனுபவிப்பது வட்டிக்குப் பதில், சொந்தமாக அல்ல. 30 வருஷம் ஆகிவிட்டது, காலாவதி என்று எதிர்க்கட்சி சொல்லும். இப்படிப்பட்ட அனுபவ ஒத்தியில் ஒத்தித் தேதியிலிருந்து காலம் ஓடாது, பணம் அடைபட்ட பிறகே ஓடும் என்று உச்ச நீதிமன்றம் 2014ல் சொல்லியிருக்கிறது. அதே காரணத்தால் எதிரனுபவமும் (நெடுநாள் அனுபவத்தை வைத்தே உரிமை கேட்பது) சுலபமாக நிற்காது.

ஆனால் அவசரப்பட்டு நோட்டீஸ் விடாதீர்கள். 1938க்கும் 1974க்கும் இடையில் அதே ஒத்திதாரருக்குப் பூட்டனோ அவர் பவர் ஏஜெண்டோ கிரயம் எழுதிக்கொடுத்திருந்தால் ஒத்தி அதில் கரைந்துவிடும், வழக்கு அதோடு முடிந்தது. அந்த 36 வருஷத்துக்கும் கிராம அட்டவணையை ஒன்று விடாமல் பார்த்து, கையால் எழுதிய வில்லங்கச் சான்றாகவே வாங்குங்கள். மேல் ஒத்தி, அதாவது அதே நிலத்தின் மேல் பிற்பாடு வாங்கிய கூடுதல் பணம், இருந்தால் அதையும் சேர்த்துத்தான் மீட்க முடியும். ஒத்திதாரர் வேறு ஒருவருக்கு மறு ஒத்தி வைத்திருந்தால் அவரும் கட்சிக்காரர் ஆவார்.

கிரயம் இல்லை என்று உறுதியானால், ஒரு வாரிசு மட்டுமே முழு ஒத்தியையும் மீட்கலாம்; மற்றவர்கள் தங்கள் பங்குச் செலவைக் கொடுத்துவிட்டுப் பங்கு கேட்பார்கள். எல்லா வாரிசையும், கொழும்பில் இருப்பவர்களையும் சேர்த்து, மனுவில் காட்டிவிடுங்கள். பணத்தை அவர்கள் வாங்க மறுத்தால் சொத்து மாற்றுச் சட்டம் 83ஆம் பிரிவில் கோர்ட்டில் கட்டலாம். தொகை 1938ல் எழுதிய அதே ரூபாய்தான். பத்திரத்தில் எழுதியது எவ்வளவோ அவ்வளவு.

ரெகுநாதபுரம் ராஜா

அப்போ பட்டா?

பழைய கணக்கு

மீட்பு டிகிரி வந்த பிறகு அதன் நகலை வைத்து மாற்றுவார்கள். அதுவரை, தாலுகாவில் ஆட்சேப மனு ஒன்றைக் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள், இடையில் உட்பிரிவு போட்டு விற்றுவிடாமல் இருக்க. மனுவில் இன்றைய சர்வே எண், செட்டில்மென்ட் எண், பைமாஷ் எண் மூன்றையும் எழுத மறக்க வேண்டாம்.